பாக்குலா: நெட்வொர்க் பேக்கப்பை அமைப்பதும் ஓட்டுவதும்

அலுவலகத்தில் நான்கைந்து கணினிகளைத் தாண்டிவிட்டால், ஒவ்வொன்றிலும் தனித்தனி ஸ்கிரிப்ட் எழுதி பேக்கப் எடுப்பது கட்டுப்படியாகாது. நேற்று எதில் ஓடியது, எதில் ஓடவில்லை, போன மாதம் 12ஆம் தேதி இருந்த கணக்குக் கோப்பு எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. நெட்வொர்க் பேக்கப் மென்பொருள் என்பது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் வைத்திருக்கும் ஏற்பாடு. ஒரு சர்வர் நேரம் பார்த்து ஒவ்வொரு கணினியையும் கூப்பிடும். தரவை வாங்கி ஓரிடத்தில் சேர்க்கும். எது எங்கே போனது என்று எழுதி வைக்கும்.

திறமூல மென்பொருள்களில் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது பாக்குலா. கெர்ன் சிபால்ட் 2000ஆம் ஆண்டு இதை எழுதத் தொடங்கினார். 2002 ஏப்ரலில் பொதுவில் வெளியானது. இன்று ஏஜிபிஎல் 3 உரிமத்தில் கிடைக்கிறது. இதிலிருந்து 2010இல் கிளைபிரிந்து வளர்ந்தது பாரியோஸ். அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், கீழே வருவதில் பெரும்பகுதி பாரியோஸ் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். பாதுகாக்க வேண்டியது ஒரே ஒரு லேப்டாப் என்றால் இரண்டுமே தேவையில்லை. அதற்கு ரெஸ்டிக், போர்க் போன்ற சிறிய கருவிகள் போதும்.

பாக்குலாவை ஆரம்பிப்பவர்கள் திணறுவது பெரும்பாலும் இரண்டே இடங்களில். யார் யாரோடு இணைப்பு ஏற்படுத்துகிறார்கள் என்பது ஒன்று. பழைய பேக்கப் எப்போது அழிந்து இடம் விடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால், மீதியை ஆவணத்தைப் பார்த்து நீங்களே செய்துகொள்ளலாம்.

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்

பாக்குலா ஒரே நிரல் அல்ல. டைரக்டர்தான் தலைமை, எந்த வேலை, எந்த நேரம், யாருடையது, எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம் அதன் அமைப்புக் கோப்பில் இருக்கும். பாதுகாக்க வேண்டிய ஒவ்வொரு கணினியிலும் (கிளையன்ட் என்பது இதைத்தான்) ஃபைல் டீமன் ஓடும், டீமன் என்றால் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்; கோப்புகளைப் படித்துக் கொடுப்பது அதன் வேலை. டிஸ்க் அல்லது டேப் பொருத்திய கணினியில் ஸ்டோரேஜ் டீமன் ஓடும்; வருவதை வாங்கி எழுதும். நான்காவது கேட்டலாக். இது போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் டேட்டாபேஸ். டிஸ்க்கில் கிடப்பவை பிரிக்காத மூட்டைகள் என்றால், எந்த மூட்டையில் என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்லும் கிடங்குப் பேரேடு இதுதான். இவற்றோடு நாம் பேசுவது பி-கன்சோல் என்ற உரைவழிக் கருவி மூலம்.

இப்போது இணைப்புகளைக் கவனியுங்கள். கன்சோல் டைரக்டரை 9101 போர்ட்டில் கூப்பிடும். டைரக்டர் ஃபைல் டீமனை 9102இல் கூப்பிடும். ஸ்டோரேஜ் டீமனை 9103இல் கூப்பிடும். இதுவரை எல்லோரும் சரியாகப் புரிந்துகொள்வார்கள். கடைசி இணைப்பில்தான் சறுக்கல். தரவு டைரக்டர் வழியாகப் போவதில்லை. ஸ்டோரேஜ் டீமன் இருக்கும் முகவரியை டைரக்டர் சொல்லிக் கொடுக்க, ஃபைல் டீமன் தானே நேராக 9103க்கு இணைப்பு ஏற்படுத்தி எழுதும்.

ஆகவே டைரக்டரின் அமைப்புக் கோப்பில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் ‘அட்ரஸ்’ என்று நீங்கள் எழுதுவது, கிளையன்ட் கணினியின் பார்வையில் சரியாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே சர்வரில்தானே இருக்கிறது என்று அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று விட்டுவிட்டால், பேக்கப் சர்வர் தன்னையே பேக்கப் எடுக்கும்போது எல்லாம் நன்றாக ஓடும். முதல் வெளிக் கணினியைச் சேர்த்த அன்றைக்கு நின்றுவிடும். அந்தக் கணினி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் தன்னையே நினைத்துக்கொண்டு, தன்னிடம் இல்லாத 9103ஐத் தட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஐபி முகவரியோ, எல்லாக் கணினிகளும் கண்டுபிடிக்கக்கூடிய முழு டிஎன்எஸ் பெயரோ இருக்க வேண்டும்.

டெபியன், உபுண்டு தொகுப்புகளை நிறுவினால் இன்னொன்று காத்திருக்கும். பாதுகாப்புக்காக மூன்று டீமன்களும் 127.0.0.1இல் மட்டும், அதாவது அதே கணினியிலிருந்து வரும் இணைப்புக்கு மட்டும், காது கொடுக்கும்படி அமைத்துத் தருகிறார்கள். கிளையன்ட் கணினியில் ஃபைல் டீமன் அமைப்புக் கோப்பைத் திறந்து ‘எஃப்டி அட்ரஸ்’ வரியைப் பாருங்கள். அது 127.0.0.1 என்று இருக்கும்வரை டைரக்டர் எத்தனை முறை கூப்பிட்டாலும் இணைப்பு மறுக்கப்படும். அந்தக் கணினியின் சொந்த ஐபியை அங்கே இடுங்கள். ஸ்டோரேஜ் டீமனின் ‘எஸ்டி அட்ரஸ்’ வரிக்கும் இதே கதைதான். ஃபயர்வாலில் கிளையன்ட் பக்கம் 9102ஐ டைரக்டரின் ஐபிக்கு மட்டும் திறந்தால் போதும். பேக்கப் சர்வர் பக்கம் 9103ஐ கிளையன்ட்கள் எல்லோருக்கும் திறக்க வேண்டும்.

அடுத்தது கடவுச்சொற்கள். டைரக்டரின் கோப்பில் ‘கிளையன்ட்’ பகுதியில் உள்ள கடவுச்சொல்லும், அந்தக் கணினியின் ஃபைல் டீமன் கோப்பில் ‘டைரக்டர்’ பகுதியில் உள்ள கடவுச்சொல்லும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஸ்டோரேஜ்’ பகுதிக்கும் ஸ்டோரேஜ் டீமன் கோப்புக்கும் அப்படியே. கன்சோலுக்கும் டைரக்டருக்கும் அப்படியே. கடவுச்சொல் சரியாக இருந்து டைரக்டரின் பெயர் மட்டும் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ‘ஆதரைசேஷன்’ பிழைதான் வரும். இந்தப் பிழையைக் கண்டதும் பலர் ஃபயர்வாலைத் தேடிப் போகிறார்கள். அது தவறான திசை: இந்தப் பிழை வருகிறதென்றால் இணைப்பு கிடைத்துவிட்டது, அடையாளம்தான் ஒத்துப்போகவில்லை.

அமைப்பைச் சரிபார்க்க முழு பேக்கப் ஓட்டத் தேவையில்லை. ஒவ்வொரு டீமனையும் ‘மைனஸ் டி’ (-t) என்ற சுவிட்ச் கொடுத்து ஓட்டினால், அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும். பிறகு கன்சோலில் ‘ஸ்டேட்டஸ் கிளையன்ட்’, ‘ஸ்டேட்டஸ் ஸ்டோரேஜ்’ இரண்டும் பதில் தருகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் பதில் தந்தும் வேலை மட்டும் ஓடவில்லை என்றால், கிளையன்ட்டிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் அந்த நேர் இணைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டிஸ்க்கைத் தயார் செய்வது

பேக்கப் டிஸ்க்கை எங்காவது மவுன்ட் செய்து (ஒரு ஃபோல்டரோடு இணைத்து), அதன் உச்சியையே ஸ்டோரேஜ் டீமனின் ‘ஆர்க்கைவ் டிவைஸ்’ ஆகக் கொடுப்பது பெரும்பாலோர் செய்வது. செய்யாதீர்கள். ஒருநாள் மறுதொடக்கத்தில் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் போனால், வெறும் மவுன்ட் புள்ளி காலி ஃபோல்டராக அங்கே நிற்கும். பாக்குலா அதில் எழுதத் தொடங்கி சர்வரின் சொந்த டிஸ்க்கை நிரப்பிவிடும். டிஸ்க்குக்குள் ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி, அதன் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் இல்லாத நாளில் ஃபோல்டரும் இருக்காது. வேலை பிழையோடு நிற்கும். அப்படி நிற்பதுதான் நமக்கு வேண்டும்.

அந்த ஃபோல்டரின் உரிமையாளர் பாக்குலா பயனராக இருக்க வேண்டும். ஃபைல் டீமன் எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டியிருப்பதால் ரூட்டாக ஓடும். ஸ்டோரேஜ் டீமன் அப்படியல்ல. ‘பெர்மிஷன் டினைடு’ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

இரண்டு தனித்தனி ஃபோல்டர்களை இரண்டு டிவைஸ்களாக வைத்தால், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ‘மீடியா டைப்’ பெயர் கொடுங்கள். இரண்டுக்கும் ‘ஃபைல்’ என்றே விட்டுவிட்டால் பேக்கப் ஓடும். ரீஸ்டோர் செய்யும் (பேக்கப்பிலிருந்து கோப்புகளைத் திருப்பும்) நாளில் பாக்குலா ஒரு ஃபோல்டரில் இருக்கும் வால்யூமை, அதாவது பேக்கப் தரவு எழுதிய கோப்பை, மற்றொன்றில் தேடி, ‘மவுன்ட் செய்யுங்கள்’ என்று கேட்டு நிற்கும். எடுக்கும்போது தெரியாமல் திருப்பும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறு என்பதால் இதை ஆரம்பத்திலேயே சரிசெய்வது நல்லது.

எதை எடுப்பது

‘ஃபைல்செட்’ பகுதியில் ‘இன்க்ளூட்’ பட்டியல் எழுதுவீர்கள். ரூட் அடைவை மட்டும் எழுதி, எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். ‘ஒன் எஃப்எஸ்’ என்ற விருப்பம் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குள் அது இறங்காது. பயனர் கோப்புகள் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால், ரூட்டிலிருந்து அங்கே போகாமல் விட்டுவிட்டு, ‘இது வேறு ஃபைல் சிஸ்டம், இறங்கவில்லை’ என்ற தகவலை மட்டும் அறிக்கையில் போட்டுவிட்டு, வேலை வெற்றி என்று முடித்துவிடும். ஒவ்வொரு மவுன்ட் புள்ளியையும் தனி வரியாக எழுதுங்கள். எழுதியபின் கன்சோலில் ‘எஸ்டிமேட்’ கட்டளையை ‘லிஸ்டிங்’ சேர்த்து ஓட்டினால், எடுக்கப்போகும் கோப்புகளின் பெயர்கள் வரும். எதையும் எழுதாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே அள்ளுவது பேக்கப் ஆகாது. பாக்குலா முதல் பக்கத்தைப் படித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போவதற்குள் டேட்டாபேஸ் நடுவில் மாற்றிவிடும். திருப்பிப் போட்டால் எழுந்திருக்காமல் போகலாம். வேலை தொடங்குமுன் டேட்டாபேஸின் சொந்த டம்ப் கருவியை (உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கோப்பாக எழுதித் தருவது) ஓட்டும் ஸ்கிரிப்டை ‘ரன் பிஃபோர் ஜாப்’ வகையில் கிளையன்ட் பக்கத்தில் ஓடவிட்டு, அந்த டம்ப் கோப்பை எடுங்கள். ஸ்கிரிப்ட் பிழையோடு முடிந்தால் வேலையும் தோல்வி ஆக வேண்டும். இயல்பான அமைப்பும் அதுவே, அதை மாற்றாதீர்கள். ஆனால் ஸ்கிரிப்ட் சரியான வெளியேறு எண்ணைத் தருகிறதா என்று நீங்கள்தான் சோதிக்க வேண்டும். டம்பை ஒரு பைப் வழியே (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குள் விட்டு) சுருக்கும்போது, டம்ப் தோற்றாலும் சுருக்கும் கட்டளை பூஜ்யத்தைத் தந்துவிடும். பாக்குலா அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

ஃபுல், டிஃபரென்ஷியல், இன்கிரிமென்டல்

ஃபுல் என்றால் அனைத்தும். டிஃபரென்ஷியல் என்றால் கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியவை. இன்கிரிமென்டல் என்றால் கடைசியாக எடுத்த எந்த பேக்கப்புக்கும் பின் மாறியவை. பாக்குலாவோடு வரும் மாதிரி அட்டவணை மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 11:05க்கு ஃபுல், மற்ற ஞாயிறுகளில் டிஃபரென்ஷியல், திங்கள் முதல் சனி வரை இன்கிரிமென்டல் என்று இருக்கும். சிறிய அலுவலகத்துக்கு இதுவே போதும்.

முதல் நாள் இன்கிரிமென்டல் ஓட்டினாலும் அது ஃபுல்லாகவே மாறும். முன்னால் ஃபுல் இல்லை என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். அது பிழையல்ல. ஃபைல்செட்டில் ஒரு வரியை மாற்றினாலும் அடுத்த வேலை ஃபுல்லாகத்தான் ஓடும். இது தெரியாமல் வார நடுவில் ஃபைல்செட்டைத் திருத்தினால், அன்று இரவு 300 ஜிபி நெட்வொர்க்கில் ஓடும். மறுநாள் காலை வேலைக்கு வருபவர்கள் மெதுவான நெட்வொர்க்கைப் பற்றிக் கேட்பார்கள். திருத்தங்களைச் சேர்த்து வைத்து, ஃபுல் வரும் வாரத்தில் செய்யுங்கள்.

எது மாறியது என்று பாக்குலா அறிவது கோப்பின் மாற்ற நேரங்களைப் பார்த்துத்தான். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வேறு இடத்தில் இருந்த ஒரு பழைய ஃபோல்டரை யாரோ இன்று உங்கள் பேக்கப் எல்லைக்குள் நகர்த்தினால், உள்ளே இருக்கும் கோப்புகளின் நேரங்கள் பழையவையாகவே இருக்கும். இன்கிரிமென்டல் அவற்றைத் தொடாது. அடுத்த ஃபுல் வரை அவற்றுக்குக் காப்பு இல்லை. இதே காரணத்தால், இடையில் அழிக்கப்பட்ட கோப்புகளும் ரீஸ்டோரில் திரும்ப முளைக்கும். வேலையில் ‘அக்யூரேட்’ விருப்பத்தை ‘யெஸ்’ என்று வைத்தால் இரண்டும் தீரும். டைரக்டர் முந்தைய கோப்புப் பட்டியலை கிளையன்ட்டுக்கு அனுப்பி ஒப்பிட வைக்கும். கோப்புகள் பல லட்சம் என்றால் கிளையன்ட்டில் மெமரி கூடுதலாகச் செலவாகும். கோப்பு சர்வருக்கு அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து.

வால்யூம் எப்போது காலியாகும்

ஒரு வால்யூம் என்பது டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பு. வால்யூம்களைத் தொகுத்து வைப்பது ‘பூல்’. பாக்குலா டேப்புக்காகப் பிறந்த மென்பொருள்; டிஸ்க்கில் இருக்கும் வால்யூமையும் டேப்பைப் போலவே நினைத்துக்கொள்ளும். டேப்பை நாம் கழற்றும்வரை அதில் எழுதிக்கொண்டே போகலாம் அல்லவா? அதுபோல, வரம்பு எதுவும் சொல்லாவிட்டால் ஒரே வால்யூம் டிஸ்க் நிரம்பும்வரை வளர்ந்துகொண்டே போகும்.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் சொல் ‘வால்யூம் ரிட்டென்ஷன்’, அதாவது வால்யூமைக் காத்து வைக்கும் காலம். 20 நாள் என்று போட்டால் 20 நாளில் தரவு அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. முதலில், ‘அப்பெண்ட்’ நிலையில் (இன்னும் எழுதக்கூடிய நிலையில்) இருக்கும் வால்யூமை மறுசுழற்சிக்கு பாக்குலா எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது ‘ஃபுல்’ (இங்கே நிரம்பியது என்று பொருள்) அல்லது ‘யூஸ்டு’ (எழுதி மூடியது) நிலைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டாவது, 20 நாள் கணக்கு அதில் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து தொடங்கும். மூன்றாவது, காலம் முடிந்தபின்னும் புதிய வால்யூம் தேவைப்படும்வரை பழையது அப்படியே இருக்கும். தரவைக் கூடியவரை காப்பாற்றி வைப்பதே இதன் கொள்கை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: வரம்பில்லாத ஒரு வால்யூமில் தினமும் எழுதிக்கொண்டிருந்தால், 20 நாள் என்ன, 20 வருடம் ஆனாலும் ஒரு பைட் கூட விடுபடாது.

எனவே பூலில் வால்யூமை மூடும் வரம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். ‘மேக்ஸிமம் வால்யூம் ஜாப்ஸ்’, ‘மேக்ஸிமம் வால்யூம் பைட்ஸ்’, ‘வால்யூம் யூஸ் டியூரேஷன்’ ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று. எத்தனை வால்யூம் வரை உருவாக்கலாம் என்பதற்கு ‘மேக்ஸிமம் வால்யூம்ஸ்’. ஒரு கணினிக்கு நன்றாக வேலை செய்யும் அமைப்பு இது: மூன்று பூல்கள். ஃபுல் பூலில் ரிட்டென்ஷன் 6 மாதம், வால்யூமுக்கு 1 வேலை, அதிகபட்சம் 9 வால்யூம். டிஃபரென்ஷியல் பூலில் 40 நாள், 1 வேலை, 10 வால்யூம். இன்கிரிமென்டல் பூலில் 20 நாள், 6 வேலை, 7 வால்யூம். கணினிகள் கூடினால் வேலைகளின் எண்ணிக்கையும் வால்யூம்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

டிஸ்க் எவ்வளவு வாங்குவது? 300 ஜிபி உள்ள ஒரு கோப்பு சர்வர், வாரத்தில் ஆறு வேலை நாள்கள், நாளொன்றுக்கு 3 ஜிபி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மாத ரிட்டென்ஷனில் ஒரு கட்டத்தில் 7 ஃபுல்கள் கையில் இருக்கும்: 2,100 ஜிபி. டிஃபரென்ஷியல் வாரத்துக்கு 18 ஜிபி கூடிக்கொண்டே போகும், 18, 36, 54 என்று. 40 நாளில் நிற்பவற்றைக் கூட்டினால் 250 ஜிபியைத் தாண்டாது. இன்கிரிமென்டல் 100 ஜிபிக்குள். ஆக 2.5 டிபி அளவு. ஆனால் மேலே சொன்ன உச்சவரம்புப்படி ஃபுல் வால்யூம்கள் ஒன்பது வரை போகலாம். அதற்கு மட்டும் 2,700 ஜிபி. 4 டிபி டிஸ்க் வாங்குங்கள். 3 டிபி வாங்கினால் ஏழெட்டு மாதம் நன்றாக ஓடிவிட்டு, எல்லோரும் மறந்துபோன பிறகு நிற்கும்.

பூலின் எண்களை அமைப்புக் கோப்பில் மாற்றினால், அது இனி உருவாகும் வால்யூம்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே உள்ளவை, உருவான அன்றைய எண்களைக் கேட்டலாக்கில் வைத்துக்கொண்டிருக்கும். டைரக்டரை ‘ரீலோட்’ செய்தபின், கன்சோலில் ‘அப்டேட்’ கட்டளையில் வால்யூம் பிரிவுக்குப் போய், ‘எல்லாப் பூல்களின் எல்லா வால்யூம்களும்’ என்ற பொருளில் வரும் தேர்வைக் கொடுத்தால்தான் பழையவற்றுக்கும் பொருந்தும். கோப்பில் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் நடக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முக்கால்வாசிப்பேர் இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வால்யூம் கோப்புகளை நேரடியாக அழிக்காதீர்கள். கேட்டலாக்கில் அவை இன்னும் இருக்கும். ரீஸ்டோர் அவற்றைக் கேட்டு நிற்கும். தலைகீழாக, கன்சோலில் ‘டிலீட்’ செய்தால் கேட்டலாக்கிலிருந்து மட்டும் போகும், டிஸ்க்கில் கோப்பு அப்படியே கிடக்கும். ‘ப்ரூன்’ என்பது ரிட்டென்ஷன் காலத்தை மதித்து, முடிந்தவற்றை மட்டும் நீக்கும். ‘பர்ஜ்’ காலத்தைப் பார்க்காது; நேற்று எடுத்ததையும் நீக்கும். பர்ஜ் ஆனபின்னும் டிஸ்க்கில் இடம் திரும்பாது, அதே அளவு கோப்பு அங்கேயே நிற்கும். இடம் வேண்டுமென்றால் பூலில் ‘ஆக்‌ஷன் ஆன் பர்ஜ்’ என்பதை ‘ட்ரன்கேட்’ என்று வைத்து, பர்ஜ் ஆன வால்யூம்களுக்கு ட்ரன்கேட் கட்டளையை ஓட்ட வேண்டும்.

இடமில்லாமல் போனால் வேலை தோல்வி அடையாது. ‘எழுதத் தகுந்த வால்யூம் கிடைக்கவில்லை’ என்று காத்திருக்கும். அதன் பின்னால் மற்ற வேலைகள் வரிசை கட்டும். வெவ்வேறு முன்னுரிமை கொண்ட வேலைகள் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால், முன்னுரிமை 10 வேலை ஒன்று சிக்கினால் 11இல் இருக்கும் கேட்டலாக் பேக்கப்பும் ஓடாது. பிழை மின்னஞ்சலை மட்டும் எதிர்பார்த்திருந்தால் இது கண்ணில் படாது. அதனால் மின்னஞ்சலை வெற்றிக்கும் தோல்விக்கும் சேர்த்தே வைத்து, காலையில் மின்னஞ்சல் வராவிட்டால் அதையே கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டலாக்கைக் காப்பது

பேக்கப் சர்வரே போய்விட்டால்? வால்யூம்கள் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தாலும், கேட்டலாக் இல்லாமல் எது எங்கே என்று தெரியாது. ‘பி-ஸ்கேன்’ என்ற கருவி வால்யூம்களை முதலிலிருந்து படித்துக் கேட்டலாக்கை மறுபடி கட்டும். டெராபைட் கணக்கில் இருந்தால் நாள்கணக்கில் ஆகலாம். அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, ஒவ்வொரு இரவும் மற்ற வேலைகள் முடிந்தபின் கேட்டலாக்கை டம்ப் செய்து பேக்கப் எடுக்கும் வேலை மாதிரி அமைப்பிலேயே இருக்கிறது. அதை நீக்கிவிடாதீர்கள். அந்த வேலை எழுதும் ‘பூட்ஸ்டிராப்’ கோப்பு, எந்த வால்யூமில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. சில வரிகள்தான் இருக்கும். அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்ப வைக்கலாம். அந்தக் குறிப்பும், பாக்குலாவின் அமைப்புக் கோப்புகளின் பிரதியும் பேக்கப் சர்வருக்கு வெளியே இருந்தால், புதிய சர்வரில் சில மணி நேரத்தில் எழுந்துவிடலாம்.

‘ஃபைல் ரிட்டென்ஷன்’ என்ற தனி எண் கேட்டலாக்கில் கோப்புப் பெயர்கள் எத்தனை நாள் இருக்கும் என்பதைச் சொல்கிறது; இயல்பு 60 நாள். வால்யூம் 6 மாதம் இருந்தாலும், 60 நாளுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பைப் பெயர் சொல்லி எடுக்க முடியாது; அந்த வேலை முழுவதையும் திருப்ப வேண்டும். டேட்டாபேஸுக்கு இடம் இருக்கிறதென்றால் ஃபைல் ரிட்டென்ஷனை ஃபுல் வால்யூமின் காலத்துக்குச் சமமாக உயர்த்திவிடுங்கள்.

ரீஸ்டோர்

கன்சோலில் ‘ரீஸ்டோர்’ என்று கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். 5ஆவது தேர்வு, ஒரு கிளையன்ட்டின் மிக அண்மைய பேக்கப். ஃபுல், டிஃபரென்ஷியல், அதன் பின்வந்த இன்கிரிமென்டல்கள் எல்லாவற்றையும் பாக்குலாவே கோத்து ஒரே அடைவு மரமாகக் காட்டும். உள்ளே போய், வேண்டியதை ‘மார்க்’ செய்து, ‘டன்’ என்று முடிக்க வேண்டும். ஓட்டுமுன் காட்டும் சுருக்கத்தில் ‘வேர்’ (Where) என்ற வரியைக் கட்டாயம் படியுங்கள். கோப்புகள் இறங்கும் இடம் அது. காலியாக விட்டால் பழைய இடத்திலேயே, இப்போது இருப்பதன் மேலேயே எழுதும். தற்காலிக ஃபோல்டர் என்று இருந்தால், 300 ஜிபியை அங்கே இறக்கி ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு கணினியிலிருந்து சில கோப்புகளை வேறு இடத்தில் இறக்கித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதமும் வேறு கணினி; ஒருமுறை மிக அண்மையது, மறுமுறை மூன்று மாதப் பழையது. டேட்டாபேஸ் டம்பை வெறும் கோப்பாகப் பார்த்தால் போதாது; காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள். மீடியா டைப் குழப்பம், பைப்பில் தோற்ற டம்ப், இறங்காத பார்ட்டிஷன் எல்லாம் இங்கேதான் பிடிபடும்.

தினமும் பார்க்க வேண்டியவை

அறிக்கையின் கடைசியில் உள்ள ‘டெர்மினேஷன்’ வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ‘எஃப்டி ஃபைல்ஸ் ரிட்டன்’ (FD Files Written), ‘எஃப்டி பைட்ஸ் ரிட்டன்’ (FD Bytes Written) எண்களைப் பாருங்கள். வழக்கமாக 2,000 கோப்பு வரும் கணினி திடீரென்று 3 கோப்போடு வெற்றி என்று சொன்னால், டிஸ்க் ஒன்று மவுன்ட் ஆகவில்லை. வழக்கமாக 3 ஜிபி வருவது 200 ஜிபி ஆனால், யாரோ எல்லாக் கோப்புகளின் உரிமையையும் மாற்றியிருக்கலாம், அல்லது ரேன்சம்வேர் புகுந்து கோப்புகளை மறையாக்கம் செய்துகொண்டிருக்கலாம். இரண்டாவது சந்தேகம் வந்தால் உடனே எல்லா வேலைகளையும் நிறுத்தி, ரிட்டென்ஷன் பழைய நல்ல பிரதிகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பாக்குலாவின் வடிவம் கைகொடுக்கிறது. வேலையைத் தொடங்குவது டைரக்டர்தான். கிளையன்ட் கணினியைக் கைப்பற்றியவனுக்கு வால்யூம்களை அழிக்கும் வழி அங்கே இருக்காது. ஆனால் பேக்கப் ஃபோல்டரை நெட்வொர்க் ஷேராகத் திறந்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு வீண். பேக்கப் சர்வரில் வேறு வேலை எதுவும் ஓடக்கூடாது. மற்ற சர்வர்களின் கடவுச்சொல்லும் அங்கே பொருந்தக்கூடாது. அதோடு ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஃபுல் வால்யூம்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்து எடுத்துச் செல்வதுகூட சிறிய அலுவலகத்துக்குப் போதுமானது.

வெளியே போகும் டிஸ்க் திருடுபோகலாம் என்ற கவலை இருந்தால் ஃபைல் டீமனிலேயே மறையாக்கம் செய்யலாம். பாக்குலா 11 முதல் டீமன்களுக்கு இடையே டிஎல்எஸ் என்ற இணைப்பு மறையாக்கம் தானாகவே இயங்குகிறது. ஆனால் அது வழியில் போகும் தரவுக்கு மட்டும், வால்யூமில் தரவு திறந்தபடியே இருக்கும். வால்யூமிலும் மூட ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் சாவி உருவாக்க வேண்டும். அந்தச் சாவி அந்தக் கணினியில் மட்டும் இருந்து, அதன் டிஸ்க் போய்விட்டால், பேக்கப் முழுவதும் பயனற்றது. அதனால் எல்லாக் கிளையன்ட்களுக்கும் பொதுவான மாஸ்டர் சாவி ஒன்றை ஆரம்பத்திலேயே சேர்த்து, அதன் தனிச் சாவியை நெட்வொர்க்கில் இல்லாத இடத்தில் வையுங்கள். கோப்புகளின் பெயர்கள் இதிலும் மறைவதில்லை.

பதிப்பு உயர்த்தும்போது வரிசை முக்கியம். டைரக்டரும் ஸ்டோரேஜ் டீமனும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும்; ஃபைல் டீமன் அவற்றைவிடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்கக்கூடாது. விண்டோஸ் கணினிகளில் யாரோ ஒருவர் புதிய கிளையன்ட்டை இறக்கி நிறுவிவிட்டால் அந்த ஒன்று மட்டும் நிற்கும். முதலில் கேட்டலாக்கை டம்ப் எடுங்கள். பேக்கப் சர்வரை உயர்த்துங்கள். கேட்டலாக் டேட்டாபேஸின் டேபிள்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் தானாக ஓடியதா என்று பாருங்கள், ஓடாவிட்டால் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று டைரக்டர் எழ மறுக்கும். அதன் பிறகு ஒரு கிளையன்ட்டில் சிறிய பேக்கப்பும் ரீஸ்டோரும் ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்ற கிளையன்ட்களை அடுத்த வாரங்களில் மெதுவாக உயர்த்தலாம்.